கொள்ளைநோயும் கண்டி மலைநாட்டின் பொருள்வாழ்வும்

கொள்ளைநோய் செல்வர் என்றும் வறியர் என்றும் வேறுபாடு பாராது என்பது பலரும் எடுத்தாளும் ஒரு கூற்று. உடலைப் பற்றும் அளவில் அதில் ஓரளவு உண்மையுண்டு. பொருள்வாழ்வைப் பற்றுமிடத்து அக்கூற்று நில்லாது. நோய் எந்த ஊரிலே தோன்றினும், அதனால் விளையும் இழப்பு தலைநகருக்குத் தூரத்தேயுள்ள ஊர்களிலேயே சென்று தங்குகின்றது. தலைநகரிற் கடைகள் திறந்து வாணிகம் பழைய நிலைக்கு வந்த பின்னரும் அவ்வூர்களை விட்டு அது எளிதில் நீங்குவதில்லை. கண்டி மாநகரும் அதனைச் சூழ்ந்த மலைநாடும் இதற்குத் தக்க சான்றாகும். ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் மூன்று பெருந்தொற்றுக்களை இப்பகுதி கண்டது. 1918 ஆம் ஆண்டின் இன்புளுவென்சா, 1934-35 ஆம் ஆண்டுகளின் மலேரியா, 2020 ஆம் ஆண்டிலே தொடங்கிய கொரோனா என்பன அவை.

கண்டியை நாட்டின் நடு என்பதா, ஓரம் என்பதா? விடை, நிற்கும் இடத்தைப் பொறுத்தது. 1815 வரை அது ஓர் இராச்சியத்தின் தலைநகர். ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றிய பின்னர், கொழும்பிலிருந்து கடுகண்ணாவைக் கணவாய் வழியாகத் தெரு வெட்டப்பட்டது. 1867 இல் புகையிரதமும் வந்து சேர்ந்தது. தெருவும் தண்டவாளமும் முதலிற் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென அமைந்தவை. அவ்வழியே பொருள் கீழிறங்கியது. அதற்கு என்ன விலை, பறித்தவருக்கு என்ன கூலி என்ற முடிவு மட்டும் மேலேறி வந்தது. கண்டி, மாத்தளை, நுவரெலியா ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்த மாகாணத்துக்கு மத்திய மாகாணம் என்று பெயர். பெயரளவிலேதான் அது மத்தி. அண்மைக்கால மதிப்பீடுகளின்படி நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு மேல் மாகாணத்துக்கு உரியது. மத்திய மாகாணத்தின் பங்கு பத்தில் ஒன்று அளவினதே.

ஆயினும், தெல்தோட்டையிலோ இரங்கலையிலோ வாழும் ஒருவருக்குக் கண்டியே தலைநகர் போன்றது. பெரிய வைத்தியசாலை அங்கேயுள்ளது, கச்சேரி அங்கேயுள்ளது, வங்கியும் கல்லூரியும் மொத்த வியாபாரமும் அங்கேயே உள்ளன. ஆகவே நடுவும் ஓரமும் இரு தனித்த இடங்கள் அல்ல. அவை ஒரு படிக்கட்டின் படிகள் போன்றவை. கொழும்புக்குக் கண்டி கீழ்ப்படி; கண்டிக்குத் தெல்தோட்டை கீழ்ப்படி; தெல்தோட்டைக் கடைத்தெருவுக்கு அதன் மேலேயுள்ள தோட்டத்து லயன் கீழ்ப்படி. கொள்ளைநோயின் இழப்பு இப்படிகளில் உருண்டு இறங்குகின்றது. நிவாரணமோ ஒவ்வொரு படியிலும் சற்று நின்று, சற்றுக் குறைந்து, பிந்தியே வந்து சேர்கின்றது.

1918 ஆம் ஆண்டின் இன்புளுவென்சாவைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. அது கப்பல் வழியாகக் கொழும்புக்கு வந்து, ஆட்கள் சென்ற வழிகளெல்லாம் சென்றது. இலங்கையில் மூன்று இலட்சம் பேர் வரையில் அதனால் மாண்டிருத்தல் கூடும் எனப் பிற்கால ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். முதலாம் உலக யுத்தத்தின் இறுதியில், இறக்குமதி அரிசி அருகிய காலத்திலே அது வந்தது. மக்கட்டொகை அரைக்கோடியை எட்டாத ஒரு நாட்டில் அத்தனை பேர் மாண்டும், அந்நோயைப் பற்றிய நினைவு மலைநாட்டிற் பெரிதும் மறைந்துபோயிற்று.

1934 இல் வந்த மலேரியா அப்படி மறக்கப்பட்டதன்று. முற்கூறிய நோய் தலைநகரிலிருந்து ஓரத்துக்குச் சென்றது. இது ஓரத்திலேயே தோன்றியது. அவ்வாண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்பொழுதும் நீர் பெருகியோடும் மகாவலி, மா ஓயா, தெதுறு ஓயா, களனி ஆகிய ஆறுகள் வற்றி, பாறைகளுக்கும் மணற்றிட்டைகளுக்கும் இடையே சிறு சிறு குட்டைகளாக நின்றன. வெயில் படும் தெளிந்த தேங்குநீரே மலேரியாவைப் பரப்பும் நுளம்புக்கு உவப்பான இடம். ஓடும் ஆறு அதன் குடம்பிகளை அடித்துச் செல்லும். வற்றிய ஆறு அவற்றை வளர்த்துவிடும். மழை மிகுந்தால் நோய் மிகும் என்ற பொதுவான எண்ணத்துக்கு மாறாக, ஈரவலயத்தில் மழை குறைந்தமையே கேட்டுக்குக் காரணமாயிற்று.

ஐப்பசி மாதமளவில் தொடங்கிய காய்ச்சல் மார்கழியிலும் தை மாதத்திலும் உச்சத்தை அடைந்தது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களும் கண்டி மாவட்டத்தின் தாழ்ந்த பள்ளத்தாக்குகளும் மிகுதியும் வருந்தின. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் 15 இலட்சம் பேர் வரையில் நோயுற்றனர். ஏழு மாத காலத்துள் ஏறத்தாழ 80,000 பேர் உயிரிழந்தனர். 1935 இல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஓராண்டு நிரம்புமுன் மாண்டன. இவ்வொரு தொகையே அக்காலத்தின் நிலையைக் காட்டப் போதும். வரண்ட வலயமான அனுராதபுரப் பகுதியில் மலேரியா என்றும் குடிகொண்டிருந்தமையால், அங்கே மக்களின் உடல் அதனை ஓரளவு எதிர்க்கப் பழகியிருந்தது. கண்டிச் சீமையின் கிராமத்தவருக்கு அப்பழக்கம் இல்லை. கொழும்பு நகரம் ஒப்பளவிற் பெரிதும் தப்பியது.

நோயின் கடுமையை நுளம்பு மட்டும் தீர்மானிக்கவில்லை. 1929 இலே தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் இறப்பரும் தேங்காயும் விலை வீழ்ந்திருந்தன. கேகாலைப் பக்கத்துக் கிராமத்தவருள் பலர் வயலோடு அயலிலுள்ள இறப்பர்த் தோட்டங்களின் நாட்கூலியையும் நம்பி வாழ்ந்தவர். கூலி முதலிற் போயிற்று. பின்னர் மழையின்மையால் நெல் போயிற்று. இரண்டும் போன வீட்டுக்கு மூன்றாவதாகக் காய்ச்சல் வந்தது. கொயினா மருந்து காய்ச்சலைத் தணித்தது. வயிற்றுப் பசியை அது தணிக்கவில்லை. மருந்துண்டு எழுந்தவர் மீண்டும் படுத்தனர். சூரிய மல் இயக்கத்தைச் சேர்ந்த தொண்டர்கள் கேகாலைப் பகுதிக்குச் சென்றபோது இதனை நேரிற் கண்டனர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க நோயாளருக்குச் சத்துணவே பெருந்தேவை என வற்புறுத்தினார். கலாநிதி என். எம். பெரேரா பருப்பு வழங்கியமையால் அவ்வூர் மக்கள் அவரைப் ‘பருப்பு மகாத்மயா’ என்றே அழைத்தனர். அப்பணியில் ஈடுபட்டோர் சிலரே 1935 ஆம் ஆண்டு மார்கழியில் இலங்கை சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தனர். நகரத்து இளைஞர் ஓரத்தைக் கண்ட பயன் அது எனலாம்.

ஐரோப்பிய வரலாற்றைக் கற்றோர் இங்கே ஓர் ஐயத்தை எழுப்பக்கூடும். 1348 இல் இங்கிலாந்துக்கு வந்த பிளேக் நோய் உழைப்பாளரை அருகச் செய்து, எஞ்சியோரின் கூலியை உயர்த்தியதன்றோ? கூலி உயர்வைத் தடுக்க 1351 இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டமும் இயற்ற வேண்டியிருந்தது. அவ்வாறாயின், 1935 இற்குப் பின் கண்டிச் சீமையிலும் கூலி உயர்ந்திருத்தல் வேண்டுமே. அவ்வாறு நிகழவில்லை. இங்கே மாண்டோருட் பெருந்தொகையினர் குழந்தைகளும் மெலிந்தோரும் ஆவர். வேலைக்கு ஆள் அருகவில்லை; வேலைதான் அருகியிருந்தது. குடும்பம் குழந்தையை இழந்ததோடு, மருந்துக்கும் அரிசிக்கும் பட்ட கடனையும் சுமந்தது. சிறுதுண்டு வயலை ஈடுவைத்தவர் அதனை மீட்பது அரிதாயிற்று. கண்டிய விவசாயிகளின் நிலையை ஆராய 1949 இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு 1951 இல் அறிக்கை வெளியிட்டது. நிலமின்மை, கடன், பாதையின்மை, பாடசாலையும் வைத்தியசாலையும் போதாமை என்பன அதிற் கூறப்பட்ட குறைகள். பெருந்தோட்டங்கள் கிராமங்களை நெருக்கியமையே அவற்றுக்கு மூலகாரணம் எனினும், ஏற்கனவே நெருக்குண்டு கிடந்த கிராமத்தின் மேலேயே மலேரியாவும் விழுந்தது என்பதை மறத்தலாகாது.

அக்காலத்திலே தோட்டங்களின் நிலை எவ்வாறு இருந்தது? இக்கேள்விக்குரிய விடை இன்றைய நேயர்களுக்கு வியப்பளிக்கும். கடல்மட்டத்துக்கு மூவாயிரம் அடிக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டங்களை நோய் பெரும்பாலும் எட்டவில்லை. குளிர் நுளம்பைத் தடுத்தது. தாழ்ந்த இடங்களிலிருந்த தோட்டங்களிலோ, 1912 ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி ஏதோ ஓர் அளவில் மருந்தகமும் மருந்து கொடுப்போரும் இருந்தனர். தொழிலாளருக்கு அரிசி தோட்டத்தாலேயே வழங்கப்பட்டது. துரைமாரின் இரக்கத்தால் இவை வந்தவையல்ல. ஆள் படுத்தால் கொழுந்து முற்றிவிடும். தென்னிந்தியாவிலிருந்து ஆள் வருவதற்கு இந்திய அரசாங்கம் நிபந்தனைகள் விதித்தது. காரணம் எதுவாயினும், அரிசியும் மருந்தும் ஒரே கையிலிருந்து கிடைத்தமை பஞ்சத்தோடு கூடி வரும் நோய்க்காலத்திற் பெரிய காப்பாகும். அயற்கிராமத்தவனுக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. 1935 இன் படிக்கட்டிலே கிராமம் தோட்டத்துக்கும் கீழே இருந்தது.

2020 இல் வந்த கொரோனாவின்போது அவ்வரிசை தலைகீழாக மாறியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தவற்றை அறிந்தாலன்றி அதனை விளங்கிக்கொள்ள இயலாது.

மலேரியாத் துன்பத்தை அரசாங்க சபையின் உறுப்பினர் கண்டனர். 1931 இலே கிடைத்த சர்வசன வாக்குரிமையால் கிராமத்து வாக்காளருக்கு அவர்கள் விடை சொல்ல வேண்டியவராயினர். அடுத்துவந்த ஆண்டுகளிற் சுகாதாரப் பகுதிகளும் கிராமிய வைத்தியசாலைகளும் பெருகின. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1946 முதல் டீ.டீ.டீ. மருந்து தெளிக்கப்பட்டு மலேரியா ஒடுங்கியது. 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேரே அந்நோயாளராகக் காணப்பட்டனர். அதன்பின் கண்காணிப்புத் தளர்ந்து அது மீண்டும் பெருகியது வேறொரு கதை. இறுதியில் 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. கிராமம் மெல்ல மெல்ல ஒரு படி ஏறிற்று. தோட்டம் ஏறவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர்; வாக்கும் போயிற்று. வாக்கில்லாத இடத்துக்குப் பாதை வருவதில்லை. அவர்தம் பாடசாலைகள் 1970 களின் பிற்பகுதியிலிருந்தே அரசின் கீழ் வரத் தொடங்கின. வைத்தியசாலைகள் இன்றும் முழுமையாக வந்து சேரவில்லை. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கல் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரிதும் தீர்ந்தது. முந்திய கொள்ளைநோய்க்குப் பின் கட்டப்பட்ட வீட்டிலே தோட்ட மக்களுக்கு அறை ஒதுக்கப்படவில்லை என்று சொன்னால் தவறாகாது. 2019 ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பின்படி நகர மக்களில் நூற்றுக்கு 6 பேரும், கிராம மக்களில் 15 பேரும், தோட்ட மக்களில் 33.8 பேரும் வறுமைக்கோட்டின் கீழ் வாழ்ந்தனர். நாடு கொரோனாவை எதிர்கொண்ட நிலை இதுவே.

2020 மார்ச் மாதத்தின் நடுவில் பாடசாலைகள் மூடப்பட்டன. அம்மாதம் 20 ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதே வாரத்தில் விமான நிலையமும் வருகையாளருக்கு மூடப்பட்டது. அது மீண்டும் முறையாகத் திறந்தது 2021 ஜனவரி 21 ஆம் நாளிலேயே. 2018 இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர். 2019 ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறுத் தாக்குதலின் பின் அத்தொகை 19 இலட்சமாகக் குறைந்தது. 2020 இல் அது 5 இலட்சம். 2021 இல் 2 இலட்சத்துக்கும் குறைவு. தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் காண வருவோரை நம்பி விடுதி நடத்துவோர், வழிகாட்டிகள், முச்சக்கரவண்டி ஓட்டுவோர், நத்தரம்பொத்தையின் கைவினைஞர், பித்தளைப் பாத்திரம் வார்ப்போர், நடனக் கலைஞர் என எத்தனையோ குடும்பங்கள் கண்டியைச் சூழ வாழ்கின்றன. 2020 இலும் 2021 இலும் எசல பெரகரா நடைபெற்றது. ஆயினும் பார்வையாளர் கூட்டமின்றி நடைபெற்றது. வீதியின் இருமருங்கும் இடம்பிடித்து உட்காரும் மக்கள் இல்லாதபோது, கடலை விற்பவருக்கும் பாய் விரித்து இடம் வாடகைக்கு விடுபவருக்கும் அந்நாட்கள் வெறும் நாட்களாயின. சடங்கு நிறைவேறிற்று, சந்தை கூடவில்லை.

அக்குறணையில் நிகழ்ந்தது வேறு வகையானது. கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் தெருவிலுள்ள இவ்வூரின் வணிகர் நாட்டின் பல பாகங்களிலும் கடை நடத்துபவர். 2020 மார்ச் இறுதியில் அவ்வூரில் நோயாளர் ஒருவர் கண்டறியப்பட்டதும், ஊர் முழுவதும் வெளித்தொடர்பின்றி மூடப்பட்டது. கையிருப்புடைய வணிகர் சிலர் அவ்விடைக்காலத்தைத் தாங்கிக்கொண்டனர். அவர்தம் கடையிலே நாட்சம்பளம் பெற்றவரும் தலையிற் சுமை தூக்கியவரும் எதைக் கொண்டு தாங்குவர்? ஓர் ஊரின் உள்ளேயும் அப்படிக்கட்டு அமைந்திருப்பதை இது காட்டுகின்றது.

மரஸ்ஸனை, ஹேவாஹெட்டைப் பக்கங்களில் மரக்கறி பயிரிடுவோரின் நட்டம் நூதனமானது. ஊரடங்கின் முதற் கிழமைகளில் மரக்கறி தோட்டத்திலேயே அழுகியது. கொழும்பில் அதே மரக்கறி யானை விலை விற்றது. விளைவிப்பவனுக்கும் உண்பவனுக்கும் இடையே லொறி ஓடவில்லை, சந்தை கூடவில்லை. லொறியும் அனுமதிப்பத்திரமும் உடையவர் அந்த இடைவெளியில் ஆதாயம் கண்டனர். பஞ்சகாலத்தில் நெல் வியாபாரி கண்ட ஆதாயத்துக்கும் இதற்கும் வேறுபாடு மிகக் குறைவு.

தேயிலைத் தோட்டங்களிலோ வேலை நிற்கவில்லை. ஊரடங்கிலிருந்து விவசாயத்துக்கும் தேயிலைக்கும் விலக்களிக்கப்பட்டது. நாடு முழுவதும் வீட்டினுள் இருந்தபோது கொழுந்துக் கூடை மட்டும் மலையேறியது. கொழும்பில் நூறாண்டுக்கு மேலாக ஏலமண்டபத்தில் வாய்மொழியாக நடந்துவந்த தேயிலை ஏலம், 2020 ஏப்ரல் மாதத்தில் சில நாட்களுக்குள் கணினி வழிக்கு மாற்றப்பட்டது. அவ்வளவு விரைவில் அது கைகூடியமை பாராட்டத்தக்கதே. எனினும், மையத்துக்கு வேண்டிய ஒன்று என்றால் வழி எவ்வளவு விரைவாகத் திறக்கும் என்பதற்கும் அது உதாரணம். அதே காலத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயன் அறையில் ஆறேழு பேர் வாழும் குடும்பத்துக்கு, நோயுற்றவரைத் தனி அறையில் வைத்துப் பராமரியுங்கள் என்ற அறிவுரை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொல்லப்பட்டது. தனி அறை எது என்பதை எவரும் சொல்லவில்லை.

வேலை நிற்கவில்லையாயின் தோட்டத்துக்கு நட்டம் எவ்வாறு வந்தது? நாட்சம்பளம் மட்டும் இக்காலத் தோட்டக் குடும்பத்தைத் தாங்குவதில்லை என்பதே இதற்கு விடை. ஹந்தானை, கலஹா, புசல்லாவை, மடுல்கலை முதலிய இடங்களிலிருந்து இளைஞரும் யுவதியரும் கொழும்பின் கடைகளிலும் உணவகங்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வீடுகளிலும் வேலை செய்து மாதந்தோறும் பணம் அனுப்புகின்றனர். கொழும்பு மூடியதும் அப்பணம் நின்றது. பணம் அனுப்பியவரே ஊருக்குத் திரும்பி, அதே அறையில் உண்ணும் வாயாக ஆயினர். மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்றோரிற் பெருந்தொகையினர் கண்டி மாவட்டத்தவர்; அங்கே வேலையிழந்தோர் விமானமின்றி மாதக்கணக்கில் அகப்பட்டுக் கிடந்தனர்.

2020 அக்டோபரில் மினுவாங்கொடையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையிலும், அதனையடுத்துப் பேலியகொடை மீன்சந்தையிலும் தொற்றுக் கண்டறியப்பட்டு நோய் இரண்டாம் முறை பரவிற்று. அவ்வாண்டு நவம்பர் 14 ஆம் நாள் தீபாவளி. அதற்கு முன்னரே, மேல் மாகாணத்தை விட்டு எவரும் 15 ஆம் நாள் வரை வெளியேறலாகாது எனக் கட்டளை பிறந்தது. நோய் பரவாது தடுக்க அது வேண்டியதே. அதிற் குறைகூற இடமில்லை. ஆயினும் தோட்டத்திலே தீபாவளி என்பது பண்டிகை மட்டுமன்று. நிருவாகம் கொடுக்கும் முற்பணமும், கொழும்பிலிருந்து பிள்ளை கொண்டுவரும் துணிமணியும் பணமும் ஒன்றுசேரும் ஆண்டின் ஒரே நாள் அது. கடைக்காரரின் கணக்குத் தீர்வதும் அப்பொழுதே. அவ்வாண்டு முற்பணம் வந்தது. அதனை மாதந்தோறும் சம்பளத்திற் கழிக்கவும் செய்தனர். பிள்ளை வரவில்லை. கடைக்கணக்கு அடுத்த ஆண்டுக்கு நகர்ந்தது.

கல்வியின் நிலையைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும், ஏனெனில் இங்கே ஏற்பட்ட இழப்பு சம்பளப் புத்தகத்தில் உடனே தெரிவதில்லை. பாடசாலைகள் 2020 மார்ச்சில் மூடி, இடையிடையே திறந்து, 2021 ஏப்ரல் இறுதியில் மீண்டும் மூடின. பாடம் கைத்தொலைபேசி வழியே நடந்தது. 2019 இல் இலங்கைக் குடும்பங்கள் நூற்றில் ஏறத்தாழ 22 இல் மட்டுமே கணினி இருந்தது. தோட்டப்பகுதியிலோ விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களிலேயே இருந்தது. கண்டி நகரத்துப் பெருங்கல்லூரி மாணவன் தன் அறையிலிருந்து பாடம் கேட்டான். இரங்கலைப் பக்கத்து மாணவி, தந்தையின் தொலைபேசியை அவர் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்து பெற்று, அலைவரிசை கிடைக்கும் பாறைமேடு தேடி ஏறினாள். இருவரும் எழுதிய பரீட்சைத்தாள் ஒன்றே. 2021 அக்டோபர் 21 ஆம் நாள் பாடசாலைகள் திறக்கத் தொடங்கியபோது, இருநூறுக்குக் குறைந்த பிள்ளைகளையுடைய ஆரம்பப் பாடசாலைகளே முதலில் திறக்கப்பட்டன. சிறிய பாடசாலைகள் மிகுதியும் மலையிலும் ஒதுக்குப்புறத்திலும் உள்ளவை. இத்தொற்றுக்காலத்திலே ஓரத்துக்கு முன்னுரிமை கிடைத்த மிகச்சில முடிவுகளில் இஃதொன்று. ஆனால் ஆரம்பப் பிரிவுப் பிள்ளை திரும்பி வந்தது போல, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் திரும்பவில்லை. அவ்வயதில் ஒருமுறை சம்பளம் கைக்கு வந்துவிட்டால் புத்தகப்பைக்குத் திரும்புதல் எளிதன்று.

நகரத்து அரச உத்தியோகத்தருக்குத் தொற்றுக்காலம் முழுவதும் சம்பளம் வங்கிக்கு வந்துகொண்டிருந்தது, செலவோ குறைந்தது. ஆதலின் அக்காலத்திற் சேமித்தோரும் உண்டு. நாட்கூலி பெறுவோருக்குச் சேமிப்பு என்பது பெரும்பாலும் காதிலும் கழுத்திலும் இருக்கும் பொன்னே. வங்கிகளின் அடகுப் பகுதியில் அதனை வைத்தே பலர் அக்காலத்தைக் கடந்தனர். பொன்னை மீட்பதற்குத் தக்க காலம் வருமுன், 2021 இல் இரசாயன உர இறக்குமதித் தடையும், 2022 இல் நாட்டின் பொருளாதார வீழ்ச்சியும் வந்தன. 2019 இல் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை விளைவு 2022 இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாகச் சுருங்கியது. கொழுந்து குறைந்தால் வேலை நாட்கள் குறையும். நிறை போதாத நாளில் அரைப்பேர் விழும்.

தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இழுபட்டுக்கிடந்தது. 2021 மார்ச் மாதத்திற் சம்பள நிருணயசபை வழியாக அது வர்த்தமானியில் வெளியாயிற்று. அடிப்படைச் சம்பளம் 900 ரூபாவும் படி 100 ரூபாவும் சேர்ந்த தொகை அது. அப்பொழுது ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபா; ஆகவே ஆயிரம் ரூபா ஐந்து டொலர் மதிப்புடையது. 2022 மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியபோது அதே ஆயிரம் ரூபா மூன்று டொலருக்கும் குறைந்தது. அரிசி, மா, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் விலை டொலரோடு ஏறிற்று. தேயிலையும் டொலருக்கே விற்கப்படுவதாதலின் கொழும்பு ஏலத்தில் அதன் சராசரி விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ இருமடங்காயிற்று. உரம், எரிபொருள் ஆகியவற்றின் செலவும் கூடியமையால் அது முழுவதும் கம்பனிகளுக்கு இலாபமாகியது என்று சொல்லுதல் நேர்மையன்று. எனினும் விலையேற்றத்தால் வந்த வரவு ஏலத்தளத்திலிருந்து கம்பனிக் கணக்குவரை மேலேறி வந்து அங்கேயே நின்றது. கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை அது ஏறவில்லை. ஆயிரம் ரூபா அப்படியே இருந்தது. 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்நாளைய மாற்று வீதம் டொலருக்கு ஏறத்தாழ 300 ரூபா. அக்கணக்கிற் பார்த்தால் 1,350 ரூபா நாலரை டொலர் ஆகும். 2021 மார்ச்சில் ஆயிரம் ரூபா பெற்றிருந்த மதிப்பை உயர்த்திய தொகையும் எட்டவில்லை.